சீகன்பால்கும் திண்ணை வாத்தியாரும்

அறிஞர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர் பிறந்த ஊர், பயின்ற கல்லூரி, இயற்றிய நூல்கள், பெற்ற சிறப்புக்கள் என்னும் வரிசையில் எழுதி முடித்துவிடுவது வழக்கம். அவருக்கு எழுத்தறிவித்தவர் யார்? அவர் ஏடு வாங்கிய வீட்டில் அன்று அடுப்பெரிந்ததா? அவரோடு பழகியதற்காகத் துன்பமுற்றவர் எவர்? இவ்வினாக்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை. அரசர்களின் கதைக்குப் பின்னால் உழைத்த மக்களின் கதையைத் தேடவேண்டும் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். இலக்கிய வரலாற்றுக்கு வரும்போது மட்டும் அந்த அளவுகோலை வீட்டில் வைத்துவிட்டு வருகிறோம். தமிழ் நூல்களை முறையாகக் கற்று, அவற்றுக்கு அட்டவணை வகுத்து, ஐரோப்பாவுக்கு அறிவித்த 18ஆம் நூற்றாண்டு ஜேர்மானியர் பர்த்தலோமேயு சீகன்பால்கின் வாழ்க்கையை அந்த அளவுகோலால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டிக்குக் கிழக்கே, மகாவலிக்கு அக்கரையிலுள்ள பல்லேகலவில் நான் தமிழ் கற்பிக்கிறேன். என் மாணாக்கரிற் பலர் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வருபவர்கள். ஐரோப்பியரின் தமிழ்த்தொண்டு பற்றிப் பேச்செழும் போதெல்லாம் வகுப்பறையில் இருவகைக் குரல்கள் கேட்கும். “வெள்ளைக்காரர் வந்திராவிட்டால் நம்முடைய ஏடுகளைக் கறையான் தின்று முடித்திருக்கும்” என்பது ஒன்று. “மதம் மாற்ற வந்தவருக்குத் தமிழ்ப்பற்று ஏது? எல்லாம் சூழ்ச்சி” என்பது மற்றொன்று. ஒருமுறை இவ்விரண்டு கட்சியும் முட்டிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “அந்த ஜேர்மன்காரருக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தது யார், சேர்?” என்று கேட்டாள். இரு கட்சியாரும் எண்ணிப் பாராத கேள்வி அது. அறிஞனின் புகழையோ உள்நோக்கத்தையோ மட்டும் நோக்குவோருக்கு அக்கேள்வி தோன்றுவதில்லை.

சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு சாக்சனி நாட்டுப் புல்ஸ்நிற்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். தந்தையார் தானிய வணிகர். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். உடலும் நலிந்த உடல். நோயினாற் படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. அக்காலத்தில் ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்பவர் அனாதை இல்லமும் பள்ளிகளும் அச்சகமும் நிறுவிப் பக்திநெறி இயக்கம் ஒன்றை நடத்திவந்தார். உயர்குடியினரின் ஆடம்பரச் சமயத்தை வெறுத்து, ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்த இயக்கம் அது. அதே வேளை, உலகமெல்லாம் தன் நெறியைப் பரப்பவேண்டும் என்ற உறுதியும் அதற்கு இருந்தது. இந்த இரு பண்புகளும் சீகன்பால்கிடம் வந்து சேர்ந்தன. டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடெரிக் தம் இந்தியக் குடியேற்றத்துக்குப் போதகர்களைத் தேடியபோது, அவரும் ஹைன்ரிக் புளூட்சோ என்பவரும் தெரிவாயினர். 1705 நவம்பரில் கோப்பன்ஹேகனில் கப்பலேறி, 1706 யூலை 9ஆம் நாள் தரங்கம்பாடி வந்து சேர்ந்தனர். அப்போது சீகன்பால்குக்கு வயது இருபத்து நான்கு.

தரங்கம்பாடியை 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்து டேனியர் பெற்றிருந்தனர். டேன்ஸ்போர்க் என்னும் கோட்டையைக் கட்டி, அங்கிருந்து வாணிகம் நடத்தினர். மிளகும் துணியும் மட்டும் அங்கு விலைபோகவில்லை, மனிதரும் விலைபோயினர். 1707இல் சீகன்பால்கின் திருச்சபையில் முதன்முதல் திருமுழுக்குப் பெற்றவர்கள் ஐரோப்பியரின் வீடுகளிலிருந்த ஐந்து அடிமைகள் என்பதை நாம் மறக்கலாகாது. வாணிகக் கம்பெனிக்குப் போதகர்களின் வருகை பிடிக்கவில்லை. உள்ளூர் மக்களின் மொழியைக் கற்று, அவர்களுடைய வீட்டுக்குள் நுழைந்து, அவர்களுடைய வழக்குகளிலும் தலையிடக்கூடிய வெள்ளையர், ஆதாயக் கணக்கு எழுதுவோருக்குத் தொல்லையாகவே தோன்றுவர்.

வந்த புதிதில் சீகன்பால்கு போர்த்துக்கேய மொழியைக் கற்றார். கடற்கரைப் பட்டினங்களில் அதுவே வாணிக மொழியாய் இருந்தது. ஆனால், அதனை அறிந்தவர் சிலர். தமிழ் பேசியவரோ எண்ணற்றவர். ஏறத்தாழ எழுபது வயதுடைய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை வேண்டி, அவருடைய பள்ளியையே தம் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் செய்தார். அங்கே சிறுவரோடு சிறுவராய்த் தரையிலமர்ந்து, மணலிலே விரலால் எழுத்துக்களை வரைந்து பழகினார். இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் பயின்றவர், ஊர்ப்பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து உயிரெழுத்துச் சொன்னார். கற்பதற்கு வேண்டிய பணிவு அவரிடம் இருந்தது. அதற்காக அவரை மதிக்கிறேன்.

ஆயினும் அந்தக் காட்சியின் நடுவே இருந்தவர் முதிய ஆசிரியரே. மொழி தெரியாத அந்நியருக்கு அவருடைய மொழி தெரியாமலே தமிழ் கற்பிப்பது எளிய தொழிலன்று. எழுத்தின் வடிவத்தை அவர் காட்டினார்; பொருளை விளக்க இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர் அழகப்பன். டேனியக் கம்பெனியில் முன்னர்த் துபாசியாய் இருந்தவர். போர்த்துக்கேயம், டேனிஷ், ஜேர்மன் ஆகிய மொழிகளில் பழக்கமுடையவர். சீகன்பால்கு கேட்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள்கூறி, மக்களின் வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் எடுத்துரைத்தவர் அவரே. அதற்கு அவர் பெற்ற கைம்மாறு கொடியது. தரங்கம்பாடியிலிருந்து அவரை வெளியேற்றினர். தஞ்சை எல்லைக்குள் சென்றபோது, சமயத்தின் இரகசியங்களை அந்நியருக்கு வெளியிட்டவர் என்று பிடித்து விலங்கிட்டனர். ஒரு பக்கம் கம்பெனி, மறுபக்கம் பழைமை. இரண்டுக்கும் நடுவில் நசுங்கியவன் அறிவைப் பகிர்ந்த மனிதன். இந்தக் காட்சி நம் காலத்துக்கும் புதிதன்று.

ஓரிரு ஆண்டுகளுக்குள் சீகன்பால்கு தமிழிற் பேசவும் எழுதவும் வல்லவரானார். அவருடைய நாள் எவ்வாறு கழிந்தது என்பதை அவரே கடிதங்களில் விரித்துரைத்திருக்கிறார். விடியற்காலையில் முன்பு கற்ற சொற்களைத் திரும்ப ஓதுவார். எட்டு மணி முதல் நண்பகல் வரை தாம் முன்பு படித்திராத தமிழ் நூல்களைப் படிப்பார். அருகிலே முதிய புலவர் ஒருவர் இருந்து கடினமான பகுதிகளை விளக்குவார். எழுத்தர் ஒருவர் புதிய சொற்களையும் தொடர்களையும் குறித்துக்கொள்வார். இரவில் விளக்கொளியிற் கண் வருந்தாதபடி வேறொருவர் ஏட்டை உரக்கப் படிக்க, அவர் கேட்டுக்கொண்டிருப்பார். இதனைப் படிப்போர் சீகன்பால்கின் விடாமுயற்சியை வியப்பர். அந்த அறையில் எத்தனை பேர் இருந்தனர் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். விளக்கம் சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், படித்துக் காட்டியவர் ஒருவர். மூன்று தமிழரின் உழைப்பு ஓர் அறிஞரின் பெயரில் வரவு வைக்கப்பட்டது.

இந்த உழைப்பின் பெரும்பயன் 1708இல் அவர் வகுத்த தமிழ் நூல் அட்டவணை. ‘பிப்லியோத்தேக்கா மலபாரிக்கா’ என்று அதற்குப் பெயரிட்டார். ஐரோப்பியர் அக்காலத்தில் தமிழரை மலபாரிகள் என்றே அழைத்தனர். தம்மிடம் சேர்ந்திருந்த 119 தமிழ் நூல்களை ஒவ்வொன்றாகக் குறித்து, அவற்றின் பொருளையும் மதிப்பையும் அதில் எழுதினார். திருக்குறள் அதில் இடம்பெற்றது. சிவவாக்கியர் பாடல்களும் இடம்பெற்றன. கோயிலையும் சடங்கையும் சாதியையும் சாடிய சிவவாக்கியரிடம் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்ததில் வியப்பில்லை. தம் சமய வாதத்துக்கு வேண்டிய படைக்கலம் தமிழிலேயே இருக்கக் கண்டார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜேர்மன் மொழியில் பெயர்த்தார். இம்மக்கள் நாகரிகமற்றவர் என்ற எண்ணத்தோடு வந்தவர், அவர்களுடைய நூல்களைப் படித்தபின் அவ்வெண்ணம் தவறென்று ஐரோப்பாவுக்கு எழுதினார்.

அந்த ஏடுகள் அவருக்கு எவ்வாறு கிடைத்தன? தம் எழுத்தர்களைப் பல நாள் பயணத் தொலைவிலுள்ள ஊர்களுக்கு அனுப்பி, இறந்துபோன பிராமணரின் கைம்பெண்களிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்குவித்தார் என்று அவரே கூறுகிறார். மேற்குலத்து வீடாயினும் கணவன் இறந்தபின் அங்கே பெண்ணுக்குப் படிக்கவும் உரிமையில்லை, பிழைக்கவும் வழியில்லை. பரம்பரை பரம்பரையாகப் பூட்டிவைத்த ஏடு, அவளுக்கு அரிசி வாங்கும் காசாக மட்டுமே பயன்பட்டது. நம் நூல்களைக் காக்கத் தவறியவர் யார் என்று வினவுவோர் கறையானைக் குறை கூறுமுன், கல்வியைச் சிலர் கையில் அடைத்துவைத்த சமூக அமைப்பைக் குறை கூறட்டும். ஊர் முழுவதும் படித்திருந்தால், ஊர் முழுவதும் ஏட்டைக் காத்திருக்கும்.

அதே 1708ஆம் ஆண்டு நவம்பரில் சீகன்பால்கு சிறைப்பட்டார். காரணம் ஓர் ஏழைப் பெண். நாவிதர் ஒருவரின் கைம்பெண்ணுக்கும் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளனுக்கும் இடையில் கடன் வழக்கு ஒன்று எழுந்தது. சீகன்பால்கு அப்பெண்ணுக்காகப் பரிந்து மீண்டும் மீண்டும் தலையிட்டார். கோட்டைத் தளபதி ஹாசியஸ் சினந்து அவரை அழைத்தான். எழுத்துமூலம் அழைப்பு வேண்டுமென்று கூறி அவர் போக மறுத்ததும், பிடித்துக் கோட்டையில் அடைத்தான். ஏறத்தாழ நான்கு மாதம் சிறையிலிருந்து, 1709இல் வெளிவந்தார். ஏகாதிபத்தியமும் மதபோதகமும் எப்போதும் ஒரே கையின் இரு விரல்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் இந்த நான்கு மாதத்தையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளவேண்டும். மறுபுறம், சாதிவாரியாகப் பிரித்து உட்காரவைக்கும் வழக்கம் தரங்கம்பாடித் திருச்சபையில் 18ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருந்தது. அதனையும் கணக்கிற் சேர்த்தே தீரவேண்டும். மனிதரை எடைபோடும் தராசுக்கு இரண்டு தட்டுக்கள் உண்டு.

அச்சுப்பொறி 1712இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் அடுத்த ஆண்டு வந்துசேர்ந்தன. அவை மிகப் பெரியனவாய் இருந்தமையால் காகிதத்தை விழுங்கின. ஆகவே, சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டனர். புதிய ஏற்பாட்டின் தமிழ்ப் பெயர்ப்பு 1715இல் முற்றுப்பெற்றது. காகிதம் செய்யும் ஆலையும் பக்கத்துப் பொறையாற்றில் எழுந்தது. தமிழில் முதல் அச்சுநூல் சீகன்பால்கினுடையது என்று சிலர் எழுதுவது பிழை. கொல்லத்தில் 1578இலேயே என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. சீகன்பால்கின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. எழுத்து வார்ப்பு, காகிதம், அச்சு, பள்ளிக்கூடம் ஆகியவற்றை ஓரிடத்தில் ஒருங்கு சேர்த்தார். ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார். படிப்போரை உண்டாக்காமல் நூலை அச்சிடுவதாற் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

1714இல் அவர் ஐரோப்பா சென்றபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞனும் உடன் சென்றான். கப்பலின் நீண்ட பயணத்தில், அவனுடைய துணையோடு சீகன்பால்கு தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். ‘கிராமட்டிக்கா தாமுலிக்கா’ என்ற அந்நூல் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. தலைப்புப் பக்கத்தில் அறிஞரின் பெயர் உண்டு. கடற்காற்றில் அமர்ந்து வினைத்திரிபுகளைச் சொல்லிக்கொடுத்த இளைஞனை வரலாற்றாசிரியர்கள் பிற்காலத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சீகன்பால்கு மணமுடித்துக்கொண்டு 1716இல் தரங்கம்பாடிக்கு மீண்டார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் நிறைவெய்தியது. கோப்பன்ஹேகனிலிருந்து வந்த கடுமையான கடிதங்கள் அவருடைய கடைசி நாட்களைக் கசப்பாக்கின. 1719 பெப்ரவரி 23ஆம் நாள், தமது முப்பத்தாறாம் வயதில், அவர் மறைந்தார்.

அவர் நூல்களில் ஒன்றுக்கு நேர்ந்த கதி மாணவர் அனைவரும் அறியத்தக்கது. தமிழரின் தெய்வங்களையும் வழிபாட்டையும் அவர்கள் வாய்மொழி கொண்டும் நூல் கொண்டும் தொகுத்து, 1713இல் பெருநூலொன்று எழுதி ஹாலேக்கு அனுப்பினார். தம் தலைவர்கள் மகிழ்வர் என்று எண்ணியிருப்பார். அஞ்ஞானத்தை ஒழிப்பதற்கே போதகரை அனுப்பினோம். அதனை ஐரோப்பாவிற் பரப்புவதற்கன்று என்னும் கருத்தில் பிராங்கே மறுமொழி கூறினார். நூல் அச்சேறவில்லை. 154 ஆண்டுகள் கழித்து, 1867இல், சென்னையில் ஜெர்மான் என்பவர் அதனை வெளியிட்டார். நீதிநூல்களின் ஜேர்மன் பெயர்ப்பு 1930இலேதான் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. 119 நூல்களின் அட்டவணை, முழுமையான ஆராய்ச்சிக் குறிப்புக்களோடு 2012இல் புதுச்சேரியில் வெளியாயிற்று.

ஹாலே என்ற அந்த ஊரைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1783 முதல் 1806 வரை அங்கே பேராசிரியராய் விளங்கியவர் பிரீட்ரிக் ஆகஸ்ட் வோல்ப். கிரேக்க இலத்தீன் ஆராய்ச்சியைத் தனித்துறையாக நிலைநாட்டியவர்களுள் முதல்வர். ஓமரின் காவியங்கள் எழுத்தின்றி வாய்வழி வழங்கிய பாடல்களிலிருந்து உருவானவை என்று 1795இல் எழுதி ஐரோப்பாவையே அதிரவைத்தவர். அவருக்கு முன்னோடியாய்க் கொட்டிங்கனில் விளங்கிய ஹைனே, கெம்னிற்ஸ் நகரத்து ஏழை நெசவாளியின் மகன். பட்டினியோடு போராடி அறிஞரானவர். மக்களின் வாய்மொழியிலும் உழைப்பாளியின் மகனிடத்திலும் அறிவுண்டு என்று ஜேர்மானியப் புலமை உணரத்தொடங்கிய காலம் அது. அதே ஹாலே நகரில், இன்னொரு பழமையான மொழியின் மக்கள் எதைப் பாடினர், எதை நம்பினர் என்று கூறும் கைப்பிரதி அச்சேறாமற் கிடந்தது. எது தொன்னூல், எது வெறும் அஞ்ஞானம் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவர்களே அறிவின் வாயிலைத் திறக்கின்றனர், அடைக்கின்றனர். தமிழ்நாட்டிற் கைம்பெண்ணின் வீட்டில் ஏட்டைப் பூட்டிய கையும், ஹாலேயில் நூலைப் பூட்டிய கையும் ஒரே இனத்துக் கைகளே.

நம் கண்டியும் இக்கதைக்கு அப்பாற்பட்டதன்று. சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்குவதற்கு ஓராண்டு முன்னர், 1705இல், கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயரின் கோவாவிலிருந்து, யாக்கோமே கொன்சால்வெஸ் என்னும் கொங்கணிக் குருவானவர் இலங்கை வந்தார். கண்டியிலிருந்து சிங்களத்தை ஆழ்ந்து கற்றார். சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்கள் இயற்றினார். அச்சகம் அவருக்குக் கிட்டவில்லை. அவருடைய நூல்கள் ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் படியெடுக்கப்பட்டே மக்களிடம் சென்றன. அரசின் ஆதரவும் அச்சுப்பொறியும் பெற்ற ஐரோப்பியர் உலக அறிஞரானார். இவ்விரண்டும் வாய்க்காத ஆசியர் ஈழத்துக்கு வெளியே அறியப்படாதவரானார். புலமையின் அளவு மட்டும் புகழின் அளவைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

மலையகத்து மாணாக்கருக்கு இக்கதையைச் சொல்வதில் எனக்குத் தனி அக்கறை உண்டு. தோட்டத்து லயங்களிலும் கோயில் முற்றங்களிலும் பிள்ளைகளைக் கூட்டி எழுத்தறிவித்த வாத்தியார்கள் இங்கும் இருந்தனர். அவர்களுடைய கூலி அற்பம். துரைமாரின் மனம் கோணாதபடி நடக்கவேண்டிய நிலை. 1948இல் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வரத்தொடங்கியதோ 1970களின் பிற்பகுதியில். இடைப்பட்ட நீண்ட காலத்தில் தமிழ் எழுத்து இம்மலைகளில் அணையாமல் இருந்தது அந்த வாத்தியார்களால். அவர்களைப் பற்றிய நூல்கள் எத்தனை? மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்து பட்டம்பெற்ற ஒவ்வொருவரின் பெயருக்குப் பின்னாலும், மணலில் எழுத்து வரைந்து காட்டிய ஒரு கை மறைந்திருக்கிறது.

ஆகவே, வகுப்பறையின் இரு கட்சியாருக்கும் என் விடை இதுதான். தமிழ் நூல்களை ஓர் அந்நியர் வந்து காப்பாற்றினார் என்று கூறினால், அவருக்குக் கற்பித்த தமிழரை நாமே அழித்தவராவோம். எல்லாம் சூழ்ச்சி என்று ஒதுக்கினால், தரையில் அமர்ந்து கற்ற ஒரு மனிதரின் நேர்மையையும், ஏழைப் பெண்ணுக்காக அவர் சிறைசென்றதையும், அவர் விட்டுச்சென்ற 119 நூல்களின் சாட்சியத்தையும் இழந்தவராவோம். சீகன்பால்கு பெரியவர். அவரைப் பெரியவராக்கிய முதிய ஆசிரியரும் அழகப்பனும் மலையப்பனும், பெயர் தெரியாத எழுத்தரும் அவருக்குச் சமமான இடம் பெறவேண்டியவர்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் தோட்டத்தில், முதன்முதல் எழுத்தறிவித்தவர் யார் என்று முதியோரிடம் கேளுங்கள். அவருடைய பெயரையும், அவர் எங்கே இருந்து கற்பித்தார், என்ன கூலி பெற்றார், யாரைப் படிக்கவைத்தார் என்பதையும் எழுதிவையுங்கள். பெரிய ஆராய்ச்சிப் பட்டம் இதற்குத் தேவையில்லை; ஓர் அப்பியாசப் புத்தகமும் பேனாவும் போதும். சீகன்பால்கு ஏடுகளுக்கு அட்டவணை வகுத்தார். ஏட்டைப் படிக்கக் கற்பித்தவர்களின் அட்டவணை இன்னும் வகுக்கப்படவில்லை. அது நம்முடைய வேலை.